பச்சைத் துணி ஒட்டிய கிண்ணம்

நவம்பர் 4, திங்கள்

காலையில் ஃபாதர் ஆல்வின் வந்தார். டிசம்பர் எட்டு, மாதா திருநாளன்று பங்கு மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். தூத்துக்குடிக்குக் கடல் வழியாக வந்த பழைய வீட்டுச் சாமான்கள். வீட்டுக்கு ஒரு பொருள். பக்கத்தில் ஒரு அட்டை: எங்கே செய்தது, எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்.

"ஒங்க வீட்டுல இருந்து கஸ்பார் தண்டல் கொண்டாந்த கிண்ணத்தத்தான் எல்லாரும் கேக்காங்க" என்றார்.

கஸ்பார் மிராந்தா என் அப்பா. கொழும்புக்குப் போய்வந்த தோணிக்குத் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். அறுபத்துநாலு டிசம்பர் புயலில் திரும்பி வரும்போது தோணி போய்விட்டது. அம்மாவின் அண்ணன் ரபேல் மாமாவும் அதில் வேலையாளாக இருந்தார். ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது இரண்டு வயது. அதற்கு முந்தின தடவை அப்பா கொண்டுவந்ததுதான் இந்தக் கண்ணாடிக் கிண்ணம். அலமாரியில் அவர் படத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

இந்த வருடம் அறுபதாவது ஆண்டு. சரி என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

கண்காட்சிக்கு வரும் கண்ணாடிச் சாமான்களைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை டாக்டர் நோயலின் கொரேராவிடம் கொடுத்திருக்கிறார்கள். பல் டாக்டர். பழைய கண்ணாடி சேர்ப்பதில் பைத்தியம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்பு கீழே படித்தாள். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அலமாரி முழுவதையும் மேஜைக்கு இறக்கினோம். எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. ஹார்பரில் முப்பத்தைந்து வருடம் சரக்கு எண்ணினேன். பெட்டிமேல் எழுதியிருப்பதைத்தான் படித்தேன், உள்ளே இருப்பதைப் பார்த்ததில்லை.

"இது ஊதுன கண்ணாடி இல்லண்ணே. இரும்பு அச்சுக்குள்ள குழம்ப ஊத்தி மேல இருந்து அழுத்துறது. அச்சு சேர்ற எடத்துல கோடு விழும். தடவிப் பாருங்க."

தடவினேன். வெண்ணெய்த் தட்டின் விளிம்பில் மயிரிழைபோல் ஒரு கோடு. அடியில் குட்டி எழுத்தில் ஒரு பதிவு எண். அது இங்கிலாந்து என்றாள். ஜாம் கிண்ணத்தை ஜன்னலை மூடிவிட்டு ஊதா டார்ச்சில் காட்டினாள். எலுமிச்சைப் பச்சையாய் எரிந்தது. யுரேனியம் கலந்திருக்கிறதாம், பயப்பட ஒன்றுமில்லையாம். என் மனைவி ஜெனோவா அதில் ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்தாள். இனி வைக்கமாட்டேன் என்கிறாள்.

கடைசியில் அப்பாவின் கிண்ணம். நோயலின் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். குமிழ் நிறைய. கோடு தடிமன். விலைகுறைந்த சரக்கு, ஐரோப்பா மாதிரித் தெரியவில்லை என்றாள். அடியில் ஒட்டியிருக்கும் பச்சை வெல்வெட் துணியை நகத்தால் நோண்டினாள்.

சாய்வு நாற்காலியிலிருந்து அம்மா சொன்னாள்: "அந்தத் துணிய எடுக்கக் கூடாது."

"அடியில மார்க் இருக்கும் பெரியம்மா. பாத்துட்டு ஒட்டித் தந்துருதேன்."

"மேஜை கீறும்னு நான் ஒட்டுனது. இருக்கட்டும்."

எண்பத்துநாலு வயதில் அம்மா அத்தனை உரத்துப் பேசுவது அபூர்வம். நோயலின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்து லூர்தம்மாள் மாமிக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். ரபேல் மாமாவின் மனைவி. பிள்ளையில்லை. அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். பிரஷர் மாத்திரை, பால் பாக்கெட், மீன் என்று ஞாயிறுதோறும் நான்தான் கொண்டுபோவேன். பிள்ளை மாதிரி என்று தெருவில் சொல்வார்கள். மாமி அப்படியெல்லாம் சொல்லமாட்டாள். "சீலா வாங்கச் சொன்னா பாறை வாங்கிட்டு வந்திருக்க" என்றுதான் சொல்வாள்.

அவள் வீட்டுக் கண்ணாடி டம்ளர்களையும் தூக்கி அடியைப் பார்த்தேன்.

"என்னல தேடுத?"

"எந்த ஊருன்னு பாக்கேன் மாமி."

"தூத்துக்குடி பாத்திரக் கடை" என்றாள்.

நான் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறேன். ஜெனோவா பார்த்துச் சிரித்தாள். போகிற இடமெல்லாம் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. டீக்கடை சாடியைக்கூடத் தலைகீழாய்ப் பார்த்தேன்.

நவம்பர் 13, புதன்

நோயலின் போன் செய்தாள். எல்லா அட்டைக்கும் எழுதியாகிவிட்டதாம், நம் கிண்ணத்துக்கு மட்டும் 'எங்கே செய்தது' என்ற இடம் காலி.

"கொழும்புன்னு எழுதிருமா."

"கொழும்புல வாங்குனது சரி. செஞ்சது எங்க? அந்தத் துணி மட்டும் இல்லன்னா ஒரு நிமிசத்துல சொல்லிருவேன்."

வெண்ணெய்த் தட்டிலும் ஜாம் கிண்ணத்திலும் ஒட்டாத துணியை இதில் மட்டும் ஏன் ஒட்டினாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா கொண்டுவந்தது, அதனால் அருமை. அவ்வளவுதான்.

நவம்பர் 14, வியாழன்

ஜெனோவா அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். வெந்நீரில் ஊறவைத்தேன். துணி தானாகக் கழன்று வந்தது. நடுவில் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி அழுக்கேறிய எழுத்து. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்.

இங்கிலீஷில், ஸ்ரீ லங்கா.

துணியைப் பெவிகால் போட்டுத் திரும்ப ஒட்டிவிட்டேன். மோட்டாருக்கு வாஷர் போய்விட்டதாம். புதிது போட்டாயிற்று.

நவம்பர் 15, வெள்ளி

நாங்கள் சின்ன வயதில் சிலோன் என்றுதான் சொன்னோம். நான் ஐந்தாவது படிக்கும்போது சூசை சார் ஒருநாள் வரைபடத்தைத் தொங்கவிட்டு, "இனி இது ஸ்ரீ லங்கா. எல்லாரும் அடிச்சிட்டு எழுதுங்க" என்றார். எழுபத்திரண்டு. எங்கள் வகுப்பே புத்தகத்தில் அடித்து எழுதியது. நானும் எழுதினேன்.

ஆனால் அது பழைய பெயர்தானே. முன்னாலும் யாராவது அச்சில் வெட்டியிருக்கலாம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஹார்பர் வரைக்கும் நடந்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் நடந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

நோயலினின் கிளினிக். பல் வலிக்கு வந்தவர்களுக்கு நடுவில் என் முறைக்குக் காத்திருந்து பென்சில் தேய்த்த தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அறுபத்துநாலுல இப்படி ஒரு பேரப் போட்டு அங்க கண்ணாடி வந்திருக்குமா?"

"நான் பாத்ததில்லண்ணே. அந்தக் காலத்துச் சாமான்ல சிலோன்னுதான் இருக்கும்."

"எழுத்த பின்னால வெட்டியிருந்தா?"

"வெட்டுனா குழியா இருக்கும். இது மேடா இருக்கு. அச்சுலயே இருந்த எழுத்து." கையுறையைக் கழற்றினாள். "பழசு ஒடஞ்சு, பெரியம்மா அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிருக்கலாம். கேட்டுப் பாருங்களேன்."

கேட்கலாம் என்றேன். அப்படித்தான் இருக்கும். உடைந்திருக்கும். எங்களுக்கு வருத்தமாயிருக்குமே என்று சொல்லாமல் விட்டிருப்பாள்.

நவம்பர் 19, செவ்வாய்

கேட்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

மழை. அம்மாவுக்குச் சொட்டு மருந்து நான்தான் ஊற்றினேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். சொட்டு கன்னத்தில் விழுந்துவிட்டது. "கண்ணு இங்க இருக்குல, நல்லாத் தூங்கு" என்றாள்.

நவம்பர் 23, சனி

இரண்டு நாளாக ஒரு விஷயம் குடைகிறது. அந்தக் கிண்ணத்தைச் சின்ன வயதில் நான் பார்த்த நினைவே இல்லை. அக்கா எமில்டா கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடித்தபோதுதான் அது அலமாரிக்கு வந்தது. "பெட்டிக்குள்ள இருந்துச்சு, அப்பா கொண்டாந்தது" என்றாள் அம்மா. நாங்கள் இரண்டு பேரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

மும்பைக்குப் போன் போட்டு அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கிண்ணம் ஞாபகம் இல்லல. ஆனா ஒருக்க ஒரு ஆளு வந்தான். நீ அப்போ போர்டிங்ல இருந்த. மலையகத்துத் தமிழ், பேச்சு ஒரு மாதிரி இருக்கும். கையில துணி மூட்டை. அம்மா என்னச் சீனி வாங்கக் கடைக்கு அனுப்புனா. திரும்பி வந்தா ஆளக் காணோம். மூட்டை மட்டும் இருந்துச்சு. வீட்டுல ஏற்கனவே சீனி இருந்துச்சு, அதான் மறக்கல."

"யாருன்னு கேக்கலயா?"

"கேட்டேன். வழி தெரியாம வந்தவன்னா."

நான் போர்டிங்கில் இருந்தது எழுபத்துமூன்று, எழுபத்துநாலு. அப்போது இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பலில் ராமேஸ்வரத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜெனோவா சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை. "ஒரு கிண்ணத்த வச்சிக்கிட்டு என்னதான் செய்தீங்க?" என்று கேட்டாள். அட்டை எழுத வேண்டும் என்றேன்.

நவம்பர் 26, செவ்வாய்

ஜெனோவா மார்க்கெட்டுக்குப் போனதும் கிண்ணத்தை எடுத்து அம்மா மடியில் வைத்தேன். என்ன கேட்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

அம்மா அதைத் திருப்பித் துணியை முகர்ந்தாள். "புதுப் பசை" என்றாள். "அன்னைக்கே தெரியும். கோணலா ஒட்டியிருக்க."

"அப்பா உயிரோட இருந்தாவளா?"

இருந்தார் என்றாள். உடனே சொன்னாள். ஐம்பது வருடமாக வாயில் வைத்திருந்ததுபோல்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பொறப்படுத அன்னைக்கு ஒங்கப்பாவுக்கு ஒடம்பெல்லாம் கொதிக்கிற காய்ச்சல். கொழும்பு ஆஸ்பத்திரில கெடந்தாவ. சரக்கு ஏத்தியாச்சு, தோணிய நிறுத்த முடியாது. ரபேல் அண்ணன்தான், 'நீரு படும் மாப்பிள, நான் கொண்டுபோறேன்'னு சொல்லி எடுத்திருக்காவ. வழியில புயல். இங்க பேப்பர்ல வந்த பேருல ஒங்கப்பா பேரு மொத பேரு. அவுக அதப் படிச்சாவளாம். அத்தன பேரையும் குடுத்துட்டு நான் மட்டும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்னு அங்கயே இருந்துட்டாவ."

"யாரு சொன்னா?"

"தோட்டத்துல இருந்து திரும்பி வந்த ஆளு. ஒங்கப்பா மலைப்பக்கம் ஒரு லாரி ஆபீசுல வேலை பாத்தாவளாம். இதக் குடுத்துவிட்டு, வரட்டுமான்னு கேட்டு அனுப்பியிருந்தாவ."

"நீ என்ன சொன்ன?"

அம்மா கிண்ணத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்படி ஒரு வீட்டப் பாக்கவே இல்லன்னு கடுதாசி போட்டுருங்கன்னேன்."

எழுந்து ஜன்னல்வரை போய் வந்தேன்.

"ஏம்மா?"

"லூர்தம்மாள் மைனி அப்பல்லாம் நம்ம வீட்டுலதான் படுப்பா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல தாலி கழட்டுனோம். ஒண்ணா வெள்ளச் சேலை வாங்குனோம். இப்போ எம் புருசன் எந்திரிச்சு வாராவ, அதுவும் அவ புருசன அந்த எடத்துல நிப்பாட்டிட்டு. நான் எப்படில அவ பக்கத்துல படுப்பேன்? எங்கம்மா வேற அப்போ உயிரோட இருந்தா. பெத்த மவன் போனதுக்கு அவட்ட என்ன சொல்ல?"

"எங்களுக்கு அப்பா வேண்டாமா?"

அம்மா கிண்ணத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒனக்கு ஆசை இல்லையா?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை அம்மாவிடம் கேட்கிற கேள்வி இல்லைதான்.

"இருந்துச்சு. அதனாலதான் இத ஒடைக்கல" என்றாள்.

நவம்பர் 27, புதன்

வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தேன். வருடாவருடம் டிசம்பரில் படகில் போய் மலர்வளையம் போட்டுவிட்டு வருவேன். அப்பா என்று கூப்பிட்டுப் போடுவேன். அவர் அங்கே இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில், சைக்கிள் ஓட்ட ஆளில்லாமல் விழுந்து எழுந்து நானே பழகியபோது, அவர் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. வராதவர்மேலா, வரவேண்டாம் என்றவள்மேலா. மத்தியானம் ஜெனோவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த கீரையை வைத்துவிட்டாள். பிறகு, "அத்தை பாவம்" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. மறுபடியும் வெளியே போய்விட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

கிண்ணம் தர முடியாது, வெண்ணெய்த் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஃபாதரிடம் சொல்லக் கிளம்பினேன். அம்மா புது வெள்ளைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஆட்டோ கூப்பிடு. மைனி வீட்டுக்குப் போகணும்."

"இனி எதுக்கும்மா? அவளுக்கு எண்பது தாண்டிட்டு."

"நீ தெரிஞ்சிக்கிட்ட. ஞாயித்துக்கெழம மீனோட அங்க போய் நிப்ப. ஒம் மூஞ்சில அவ எல்லாத்தையும் படிச்சிருவா. அதுக்கு நானே சொல்லுதேன்."

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மாமி வீட்டு வாசலில் என்னை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "உக்காருங்க சார், எதுக்கு இப்படி நடக்கீங்க?" என்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அழுகை கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கதவு திறந்தது. மாமி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் தோளைத் தொடப் போனாள்.

"போயிரு. இனி இங்க வராத."

"மாமி..." என்றேன்.

"நீயுந்தான்."

டிசம்பர் 1, ஞாயிறு

மாத்திரையும் மீனும் கொண்டுபோனேன். கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா மீனைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டாளாம்.

டிசம்பர் 3, செவ்வாய்

அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான். ஜெனோவா இரண்டு பேருக்கும் கஞ்சி வைத்து முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவோடு பேசி நாலு நாளாகிறது. சொட்டு மருந்து மட்டும் ஊற்றுகிறேன்.

ஃபாதரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

பத்து மணிபோல் வாசலில் ஆட்டோ. மாமி இறங்கினாள். கையில் ரபேல் மாமாவின் பெரிய படம், சட்டத்தோடு. அம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"அந்தத் தடவ கொழும்புல இருந்து தோணியக் கொண்டாந்தது யாரு?"

"ரபேல் மாமா."

"ஒங்கப்பா அதுல இல்ல."

"இல்ல மாமி."

"அப்போ தண்டல் யாருல?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. "மாமாதான், மாமி."

"அறுபது வருசமா வேலையாளு ரபேலுன்னுதான பூசையில வாசிக்கியோ. கோயில் கல்லுலயும் அப்படித்தான கெடக்கு." மூச்சு வாங்கியது. ஜெனோவா நாற்காலி போட்டாள், உட்காரவில்லை. "கல்யாணம் பேசும்போதே, ஒரு நாளு தண்டலாத்தான் வருவேன்னு எங்கய்யாட்ட சொன்ன மனுசன். வந்துக்கிட்டுதான் இருந்திருக்காவ. எனக்குத் தெரியாமப் போச்சு."

படத்தை என் கையில் கொடுத்தாள்.

"அட்டையில எழுது. எல்லாத்தையும் எழுது. ஒங்கப்பா பேரையும் எழுது, இருந்தாவன்னு எழுது. பொய்யா ஒண்ணும் வேண்டாம்."

அம்மா நாற்காலியிலிருந்து, "மைனி" என்றாள். மாமி அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

மண்டபத்தில் நல்ல கூட்டம். துணியை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தோம், எழுத்து தெரியும்படி. நோயலின் ஒரு சின்ன விளக்கை அடியில் பொருத்தியிருந்தாள். அட்டையில் நான் எழுதியது: 'அச்சுக் கண்ணாடி. ஸ்ரீ லங்கா. எழுபத்திரண்டுக்குப் பின் செய்தது. புயலில் இறந்துவிட்டதாக நாம் நினைத்திருந்த கஸ்பார் மிராந்தா தன் வீட்டுக்கு அனுப்பியது.' பக்கத்தில் மாமாவின் படம். அதற்கு ஒரு அட்டை: 'ரபேல் ராயன். தண்டல். கடைசிப் பயணத்தில் தோணியை நடத்தியவர்.'

படித்தவர்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். சிலர் கிட்டே வந்து கேட்டார்கள். தோணியில் போன இன்னொருவரின் மகன், என் வயதுக்காரன், அட்டையைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் போனான். போகட்டும். அவனுக்கும் நாளாகும்.

மாமி படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவளை நான் கலர் சேலையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுத் தண்டல்" என்று காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா மண்டபத்தின் அந்தக் கோடியில். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

கூட்டம் குறைந்ததும் மாமி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அந்த மனுசன் எங்க செத்தாவ?"

"தெரியாது மாமி. செத்தாவளான்னே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல."

"தெரியாம இங்க என்ன செய்த? நடந்து நடந்து ரோட்டத் தேய்க்க. அந்த நடையக் கடலுக்கு அங்கிட்டுப் போயி நட. விசாரி."

"அம்மாவ விட்டுட்டு..."

"நான் என்ன செத்தா போயிட்டேன்? பாத்துக்கிடுவேன்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பேசமாட்டேன். பாத்துக்கிடுவேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சொட்டு ஊற்றினேன். இந்தத் தடவை கன்னத்தில் விழவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதப்போகிறேன், மலைப்பக்கம் போய்த் தேடப்போகிறேன் என்றேன். ஒன்பது நாளுக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள். கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருந்தா தொண்ணூறு ஆகும்மா. கல்லறையத்தான் பாப்பேன்னு நெனைக்கேன்."

"சரி."

"எதுவும் சொல்லணுமா?"

மருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று எழுந்தேன். என் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"இருந்தா, வரச் சொல்லு."